தண்ணீர் ஆராய்ச்சி என்று சொல்லிவந்தேன்

1

போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் முடிந்துவிட்டதாம். பேராசிரியர் நான்கு வரி பேசினார். எல்லோரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டையில் யாரோ ஓர் எலியை வரைந்திருந்தார்கள். முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிற எலி. பத்து வருடமாகச் சாக்கடை நீரோடு புழங்குகிறவள் நான். அந்த வாடைக்கு மூக்கைச் சுளித்து நாளாகிறது. அப்படிப்பட்டவளுக்கு அன்றைக்கு ஒரு துண்டு சாக்லேட் கேக் தொண்டையில் இறங்கவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கேக்கில் ஒரு குறையும் இல்லை. இந்தக் கோடை விடுமுறையில் ஐந்து வாரம் திருச்சிக்குப் போய்விட்டு வந்திருந்தேன். அங்கே நடந்ததை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. வெளிநாட்டிலிருந்து ஒருத்தி எழுதினால் பனியையும் ரயிலையும் சுத்தமான தெருவையும் பற்றி எழுதுவாள் என்று நினைப்பீர்கள். இது அப்படி இருக்காது. சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. கே.கே. நகரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டையும் மாதா கோயில் பாடகர் குழுவையும் பார்த்துக்கொள்பவர். நான் படித்தது நுண்ணுயிரியல். வடக்கு ஜெர்மனியில், வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டிய ஒரு சின்ன நகரத்தில், கழிவுநீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். ஓர் ஊரில் என்ன நோய் சுற்றுகிறது, எந்த மருந்துக்குக் கிருமிகள் அசையாமல் நிற்கின்றன என்பதையெல்லாம் அந்த ஊர்ச் சாக்கடை ஒளிக்காமல் சொல்லிவிடும். மனிதர்கள்தான் ஒளிப்பார்கள். கணவர் அன்பு வீட்டில் இருந்தே கணினி வேலை பார்க்கிறார். ஒரே மகள் நிலா. ஒன்பது வயது.

2

வாரத்தில் இரண்டு நாள், காலை ஏழு மணிக்கு ஊருக்கு வெளியே இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு சைக்கிளில் போவேன். அங்கே உடை மாற்ற இரண்டு அறைகள். ஒன்று சுத்தமான பக்கம், மற்றது அழுக்குப் பக்கம். நடுவில் குளியலறை. வீட்டிலிருந்து போட்டுவந்த துணி அந்தப் பக்கம் போகக்கூடாது, வேலைத் துணி இந்தப் பக்கம் வரக்கூடாது. இரட்டைக் கையுறை, முகக்கண்ணாடி, பூட்ஸ். மார்பில் ஒரு சின்னக் கருவி மாட்டிக்கொள்ள வேண்டும். விஷவாயு தலைகாட்டினாலே அது அலறும். அது அலறினால் யாராக இருந்தாலும் போட்டதைப் போட்டபடி வெளியே ஓடவேண்டும். அங்கே மூடி திறந்து யாரும் தனியாக உள்ளே இறங்கி நான் பார்த்ததில்லை.

நிலையத்தின் மேற்பார்வையாளர் டீட்டர். அறுபது வயதைத் தொடப்போகிறவர். என்னுடைய ஜெர்மன் மொழியை முதல் இரண்டு வருடம் பொறுத்துக்கொண்ட புண்ணியவான். அந்த மொழியில் பேரனுக்கு ‘எங்கெல்’ என்று பெயர். அருவருப்புக்கு ‘ஏகெல்’. அவருக்குப் பேரன் பிறந்த சமயம், எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்கள் அருவருப்பு நலமாக இருக்கிறதா? எத்தனை கிலோ?” என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, “மூன்றரை கிலோ. அம்மாவின் சாயல்” என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் அந்தக் குழந்தைக்கு அருவருப்பு என்றுதான் பெயர்.

ஒருநாள் எங்கள் ஆய்வு மாணவி ஒருத்தியின் கன்னத்தில் ஒரு துளி தெறித்துவிட்டது. ஒரே ஒரு துளி. கடுகளவு இருக்கும். அவளை உட்காரவைத்து முகம் கழுவி, மருத்துவரிடம் அனுப்பி, நான்கு பக்கத்துக்கு அறிக்கை நிரப்பினோம். தெறித்தபோது அவள் எந்தத் திசையைப் பார்த்து நின்றாள் என்றுகூட அதில் ஒரு கேள்வி உண்டு. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து, “கன்னம் என்று எழுதியிருக்கிறீர்கள், இடதா வலதா?” என்று திரும்பக் கடிதம் வந்தது. சலித்துக்கொண்டேதான் பதில் எழுதினேன். இடது.

3

வார நாட்கள் இப்படி. ஞாயிற்றுக்கிழமை என்றால் இங்கே எல்லாக் கடையும் மூடியிருக்கும். சுவரில் ஓட்டை போடும் இயந்திரத்தை ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார். அதனால் நாங்கள் சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டும் சேர்ந்து, கோடை என்றால் ஏரிக்கரை, குளிர்காலம் என்றால் யாராவது ஒருவர் வீட்டுக் கூடம் என்று கூடுவோம். ஆளுக்கு ஒரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு போவோம். ஆண்கள் அரசியல் பேசுவார்கள். பெண்கள் குழந்தைகளின் மதிப்பெண்களைப் பேசுவோம். பிள்ளைகள் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் நாக்கைத் திருப்பி இரண்டு வார்த்தை தமிழ் பேசுவார்கள்.

சின்ன வயதில் எனக்கு ஒரே ஒரு பொழுதுபோக்குதான் தெரியும், காவிரி அணைக்கட்டு இருக்கிற முக்கொம்பு. ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா ஸ்கூட்டரில் என்னை முன்னால் நிறுத்தி, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, ஜீயபுரம் வழியாக வாழைத்தோட்டங்களைத் தாண்டிக் கூட்டிப்போவார். புளிசாதம் சாப்பிடுவோம். அழகாக எழுதவேண்டுமென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சாப்பிட்ட தட்டையும் பாலித்தீன் பையையும் நாங்கள் காவிரியில்தான் எறிந்தோம். சுற்றி இருந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். ஓடுகிற தண்ணீர் கொண்டுபோய்விடும், நம் கண்ணில் படாது என்பதுதான் கணக்கு.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வத்ஸலா என்று ஒரு தோழி. ஸ்ரீரங்கத்துப் பெண். கணவர் ஸ்ரீராம் ஒரு கார் நிறுவனத்தில் பொறியாளர். ஊர்க்காரி என்பதால் என்னோடு அவளுக்கு ஒட்டுதல் அதிகம். நிலாவுக்கு அம்மை வார்த்தபோது மூன்று நாள் ரசமும் சாதமும் செய்து வாசலில் வைத்துவிட்டுப் போனவள். வந்த புதிதில் அவள்தான் எனக்கு அந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்தாள். “கழிவுநீர்னெல்லாம் விளக்கிண்டிருக்காதீங்கோ ஸ்டெல்லா. வாட்டர் ரிசர்ச்னு சொல்லிடுங்கோ. கேக்கறவாளுக்கும் நிம்மதி.” எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அவளுடைய அப்பாகூடத் தண்ணீர்த் துறைதான், அணை கட்டினவர் என்று அவள் சொல்வாள். ஊரில் என் அம்மாவும் பாடகர் குழுவில் அதையேதான் சொல்லிவைத்திருந்தாள். தண்ணீர் ஆராய்ச்சி. எட்டு, ஒன்பது வருடம் அந்தப் பொய்யில் ஓட்டினேன்.

போன மே மாதம் நிலா அதைப் போட்டு உடைத்தாள். பள்ளியில் பெற்றோரின் வேலையைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். பெரிய அட்டையில் குழாய், தொட்டி, கிருமி எல்லாம் வரைந்து, மலம் எந்த வழியாக எங்கே போகிறது என்று விளக்கி முதல் பரிசு வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் அந்த அட்டையை விரித்து எல்லாருக்கும் முழுப் பாடத்தையும் நடத்தினாள். நான் அன்றைக்குச் சேமியாப் பாயசம் செய்து கொண்டுபோயிருந்தேன். ஸ்ரீராம் சிரித்தபடி, “ஸ்டெல்லா, பாயசம் கிண்டறதுக்கு முன்னாடி கை அலம்பினேளோ இல்லியோ?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பாயசத்தை யாரும் தொடவில்லை. சர்க்கரை, டயட், அப்புறம் சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். வத்ஸலா, “நான் ஸ்வீட்டே விட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்து இன்னொருத்தி கொண்டுவந்த பாதுஷாவை வாயில் போட்டுக்கொண்டாள். அத்தனை பேரும் காலையில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தவர்கள்தான். அவர்கள் விட்டுவிட்டு வந்ததைத்தான் நான் மறுநாள் சோதிக்கப் போகிறேன். ஆனால் அருவருப்பு என்மேல்.

காரில் திரும்பி வரும்போது நிலா கேட்டாள். அவளுடைய தமிழ் அவளுக்கே உரியது.

“அம்மா, அவங்க ஏன் சாப்பிடலை? நீ கிளவ்ஸ் போடறேன்னு நான் சொன்னேனே?”

“பசிக்கலை போல.”

“பொய். சரி, தாத்தா வீட்டுல இந்த வேலையை யாரு பண்றா?”

“லாரி வரும். மெஷின் உறிஞ்சிடும்.”

“அந்த ஆளுங்களுக்கும் உன்னை மாதிரி சூட் இருக்கா?”

“இருக்கும்” என்றேன். அன்பு கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் நிலா தன் அட்டையின் மூலையில் ஒரு லாரியும், பக்கத்தில் மஞ்சள் உடை போட்ட ஒரு மனிதரையும் வரைந்து, ‘திருச்சி’ என்று கீழே எழுதிவைத்தாள்.

4

ஜூலையில் நானும் நிலாவும் திருச்சிக்கு வந்தோம். அன்புக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கிளம்பும் முன் வத்ஸலா ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய அப்பாவுக்கு முழங்கால் பட்டி, அம்மாவுக்கு இரண்டு ஸ்வெட்டர். ஸ்ரீரங்கத்தில் ஆடி மாதம் ஸ்வெட்டர் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வந்த நான்காம் நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறி ஸ்ரீரங்கம் போனேன். பாலத்தில் பஸ் போகும்போது காவிரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, குடித்துமுடித்த பாட்டிலை ஆற்றில் வீசினார்.

வத்ஸலாவின் பெற்றோர் சித்திரை வீதிக்குப் பின்புறம் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார்கள். அப்பா கோபாலன், எண்பதை நெருங்கியவர். நெற்றியில் திருமண் துலங்க, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வாங்கோ, வாங்கோ. வத்ஸலா சொன்னா. பெருமாள் சேவிச்சேளா? ஓ, நீங்க சர்ச்சுக்குப் போறவா இல்லியா, மறந்துட்டேன். உக்காருங்கோ.”

அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்தார். கோபாலன் சார் பட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“நீங்க அங்க என்ன ரிசர்ச் பண்றேள்?”

தண்ணீர் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். பாயசப் பாத்திரம் நினைவுக்கு வந்தது. “சாக்கடைத் தண்ணி சார்” என்றேன். “ஊர்க் கழிவு மொத்தமும் வந்து சேருற எடத்துல சாம்பிள் எடுத்து ஆராயறது.”

அவர் காப்பியைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

“அட! நானும் அதே டிபார்ட்மென்ட்தானேம்மா. முப்பத்தொரு வருஷம் பாதாள சாக்கடைல என்ஜினியர். வத்ஸலா சொல்லலை?”

“அணை கட்டினவர்னு சொன்னாங்க.”

“அணையா?” அவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். “ஸ்கூல்லயும் அப்படித்தான் சொல்லிண்டிருந்தா. போகட்டும். கொழந்தை.”

வத்ஸலாவுக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது.

பிறகு அவர் என்னிடம் கழிவு மக்குவது, வாயு, பழைய குழாய்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். என் துறையைப் பற்றித் தமிழில் ஒருவர் என்னிடம் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. நான் மகிழ்ந்துபோய்விட்டேன். அப்போதுதான் கேட்டேன், அந்தக் காலத்தில் ஆட்களுக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்று.

அவர் மனைவி உள்ளேயிருந்து, “போறும், அதெல்லாம் எதுக்கு இப்போ” என்றார்.

“கேட்டா சொல்லத்தானே வேணும்” என்றார் அவர். “வேற ஒரு ஊர். தேர்த் திருவிழாவுக்கு மொத நாள். தேர் வர்ற வீதியில மெயின் சாக்கடை அடைச்சிண்டுடுத்து. மேலேர்ந்து போன் மேல போன். மாரியப்பன்னு ஒருத்தன். கல்யாணம் ஆகி ஆறு மாசம். ‘சார், வாடை வேற மாதிரி வருது’ன்னான். நான் கடியாரத்தைக் காட்டினேன். இறங்கினான். அவ்வளவுதான்.”

அவர் ஆறிப்போன காப்பியைத் தள்ளிவைத்தார்.

“ரிப்போர்ட் எழுதணுமோல்லியோ. ‘கால் இடறி விழுந்து’ன்னு எழுதினேன். அந்த மூணு வார்த்தை என்னுது. வேற யாரும் சொல்லித்தரலை. மறுநாள் அதே வீதியில தேர் போச்சு. நானும் வடம் பிடிச்சேன். இப்போ தினம் கோயிலுக்குப் போறேன் இல்லியா? துளசியும் பச்சைக் கற்பூரமும் எல்லாருக்கும் மணக்கறது. எனக்கு அந்த மூடி தெறந்த வாசனைதான் வர்றது. டாக்டர்கிட்டக் காட்டினேன். மூக்குல ஒண்ணும் இல்லைங்கறார்.”

படியிறங்கி வந்து பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் வத்ஸலா போனில் அழைத்தாள்.

“அப்பா ஏதாவது உளறினாரா ஸ்டெல்லா? வயசாயிடுத்து அவருக்கு.”

“உளறல்லாம் ஒண்ணுமில்ல வத்ஸலா. தெளிவாத்தான் பேசினாரு.”

“ப்ளீஸ். நம்ம குரூப்ல யாருக்கும் தெரிய வேண்டாம். ஸ்ரீராமுக்கே முழுசாத் தெரியாது.”

“அன்னைக்குப் பாயசத்தை ஏன் தொடலை?”

“சொன்னேனே, ஸ்வீட் விட்டுட்டேன்னு.”

சரி என்று போனை வைத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளையும் அவள் கணவரையும் அந்த ஏழெட்டுக் குடும்பங்களையும் மனதுக்குள் ஆசைதீர வெறுத்தேன். அவர்களைவிட நான் மேல் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் திருப்தி எனக்கு ஒன்பது நாள் நிலைத்தது.

5

எங்கள் கே.கே. நகர் வீட்டில் செப்டிக் டேங்க்தான். எங்கள் தெருவுக்குப் பாதாள சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை. பேத்தி வந்திருக்கிறாள், கழிப்பறையில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று அப்பா லாரிக்குச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வந்தது. டிரைவர் ஒருவர், கூட சேகர் என்று முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர். சட்டையைக் கழற்றி லாரியில் போட்டுவிட்டு, கடப்பாரையால் மூடியை நெம்பினார். நான் சமையலறையில் இருந்தேன். நிலா மாடிப் பால்கனியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள், அவளுடைய அட்டைக்காக.

குழாயைப் போட்டு அரைமணி நேரம் உறிஞ்சினார்கள். பிறகு மோட்டார் சத்தம் மாறியது. மேல் தண்ணீர் போய்விட்டது. அடியில் இறுகிக் கிடந்த சேறு வரவில்லை. ஜன்னல் வழியாகக் கேட்டது.

“சார், அடி கட்டிப் போச்சு. ரெண்டு நிமிசம் எறங்கி வெட்டி விட்டுர்றேன்.”

“பாத்துச் செய்ப்பா சேகரு” என்றார் அப்பா. குரலில் அக்கறை இருந்தது. செருப்பைப் பார்த்துக் கழற்றிப் போடு என்று சொல்கிற அளவு அக்கறை.

கையில் இருந்த கரண்டியோடு ஓடினேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு காலைத் தொட்டிக்குள் விட்டிருந்தார். கையுறை இல்லை. கயிறு இல்லை. ஒன்றுமே இல்லை. எந்தக் கருவியும் அலறவில்லை. அங்கே அலற எதுவும் இல்லை.

“எறங்காதீங்க!” என்று கத்தினேன். “வெளிய வாங்க, மொதல்ல வெளிய வாங்க!”

அவர் என்னையும் கரண்டியையும் பார்த்தார். “பயப்படாதீங்க அக்கா. இடுப்பளவுதான். பழக்கம்தான்.”

“சேத்தைக் கிளறினா அடியில இருக்கிற வாயு ஒரேயடியா மேல வரும். ரெண்டு மூச்சு போதும். நான் இதைத்தாங்க படிச்சேன். வெளிய வாங்க.”

அப்பா என் தோளைப் பிடித்தார். “ஸ்டெல்லா, நீ உள்ள போம்மா. அவங்க வழக்கமாச் செய்றதுதான்.”

“எறங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குப்பா. தெரியுமா தெரியாதா?”

“பத்து வருசம் வெளிநாட்டுல இருந்துட்டு வந்து எனக்குச் சட்டம் சொல்றியா? தெருவே பாக்குது.”

தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டு டீச்சர் மூக்கைப் பொத்தியபடி கேட்டருகில் நின்றார். சேகர் காலை வெளியே எடுத்துவிட்டார். ஆனால் கோபத்தோடு.

“அக்கா, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா இன்னைக்கு அரைகுறையா விட்டுட்டுப் போனா, அடுத்த தடவ சார் வேற லாரிய கூப்புடுவாரு. அவன் எறங்குவான். அப்ப நீங்க ஊர்ல இருக்க மாட்டீங்க.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை.

“எறங்காமயே முடிப்போம்” என்றேன். “தண்ணிய விட்டுக் கரைப்போம். நீளக் கம்பு இருக்கா?”

டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் லாரியில் இருந்து ஒரு நீண்ட இரும்புக் கம்பியை எடுத்துக் கொடுத்தார். போர் மோட்டாரைப் போட்டுத் தோட்டத்துக் குழாயைத் தொட்டிக்குள் விட்டேன். காற்று எங்கள் முதுகுப் பக்கம் இருந்து வரும்படி தள்ளி நிற்கச் சொன்னேன். நானும் சேகரும் மாறி மாறி அந்தக் கம்பியால் சேற்றைக் கிளறினோம். லாரி கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியது. மறுபடி தண்ணீர், மறுபடி கம்பி. அரைமணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் ஆனது. வெயில் மண்டையைப் பிளந்தது. என் சுடிதாரில் முழங்கால் வரை தெறித்திருந்தது. எத்தனை துளி என்று யாரும் எண்ணவில்லை. இடதா வலதா என்று யாரும் கேட்கவும் இல்லை.

அம்மா ஒருமுறை வெளியே வந்து, என்னைப் பார்த்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். “சாயங்காலம் பாடகர் குழுவுல என்னன்னு கேப்பாங்க. நான் என்னடி சொல்லுவேன்?” என்றாள். பிறகு டீ கொண்டுவந்தாள். டிரைவருக்கும் சேகருக்கும் பேப்பர் கப். எனக்கும் பேப்பர் கப். அவற்றைத் தட்டோடு தரையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். தான் பெற்ற மகள் என்றெல்லாம் அவளுடைய கைக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

சேகர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து சிரித்தார். “வாடை ஒண்ணும் பண்ணலியா அக்கா ஒங்களுக்கு? மூக்குல துணிகூடக் கட்டல.”

“எனக்கும் வேலை இதுதான். வெளிநாட்டுல.”

“மெய்யாலுமா?” அவர் டீயைக் குடிக்காமல் என்னையே பார்த்தார். கொஞ்ச நேரம் எதையோ ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல் இருந்தது. பிறகு சாதாரணமாக, மனத்தாங்கல் ஏதும் இல்லாமல் சொன்னார்.

“மூணு வருசம் முன்ன இதே வீட்டுக்கு வந்தேன் அக்கா. அன்னைக்கு முழுசா எறங்கிட்டேன், கழுத்து வரைக்கும். மேல பாத்தா, அந்த ரூம் ஜன்னல்ல ஒருத்தங்க காதுல போன் மாட்டிக்கிட்டு இங்கிலீசுல பேசிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்தாங்க. பாத்துட்டு ஜன்னலச் சாத்திட்டாங்க. அது நீங்கதானே?”

6

நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன், கிறிஸ்துமஸ் விடுமுறை. அந்த அறையில் உட்கார்ந்து எங்கள் ஆய்வுக்கூடத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு கருத்தரங்குக்கான உரை. கழிவுநீர்த் தொழிலாளர்களின் உடலில் எந்தக் கிருமிகள் தங்குகின்றன என்பதுதான் பொருள். கீழே ஒரு தலையும் இரண்டு கைகளும் தெரிந்தன. கருப்பாக வழிந்த முகத்தில் கண்கள் மட்டும் வெள்ளையாக மேலே பார்த்தன. பேராசிரியர், “அங்கே என்ன சத்தம்?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சாத்தினேன். கொக்கியும் போட்டேன். பிறகு எந்தத் தடங்கலும் இல்லாமல் பேசி முடித்தேன். மறந்தும் போனேன். கோபாலன் சாருக்கு முப்பது, நாற்பது வருடமாக மூக்கில் ஏறி நிற்கிறது. எனக்கு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

“நான்தாங்க” என்றேன் சேகரிடம். மன்னிப்புக் கேட்டேன். அவர் சங்கடத்தோடு, “அட, அதுக்கென்னக்கா, எல்லாருந்தான் சாத்துவாங்க” என்றார். அந்த ‘எல்லாரும்’ என்ற ஒரு வார்த்தையால் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரோடும் என்னைச் சேர்த்து ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார். நியாயமான வரிசைதான்.

அவர் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பும்போது என் போன் எண்ணைக் கொடுத்தேன். தண்ணீர் விட்டுக் கரைக்கும் முறைக்கு ஒத்துக்கொள்ளும்படி மற்ற வீட்டுக்காரர்களிடம் நானே பேசுகிறேன் என்றேன். வாங்கிக்கொண்டார். இதுவரை அழைக்கவில்லை. அழைப்பார் என்று நான் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், அடுத்த முறை நீளக் குழாய் உள்ள லாரியாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றார், செய்தித்தாளில் இருந்து கண்ணை எடுக்காமல். செய்வாரா என்று தெரியாது.

இதெல்லாம் பிறகு. அன்று லாரி தெருமுனை திரும்பியதும், நிலா மாடியிலிருந்து இறங்கி வந்து என் எதிரில் நின்றாள். மற்றவர்களைப் போல அவள் தள்ளி நிற்கவில்லை. சேகர் பேசிய தமிழ் அவளுக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆனால் அவர் கையை நீட்டி ஜன்னலைக் காட்டியதையும், என் முகம் போன போக்கையும் பார்த்திருந்தாள்.

“அந்த அங்கிள் என்ன சொன்னாரு? ஏன் ஜன்னலைக் காட்டினாரு?”

“வெயில்னு சொன்னாரு” என்று சொல்லிவிட்டிருக்கலாம். அவளுடைய தமிழ் அதற்கு எதிராக ஒன்றும் சொல்லியிருக்காது. குழந்தைகளின் மொழி நழுவிப்போவதில் எங்களைப் போன்றவர்களுக்கு இப்படியும் ஒரு சௌகரியம் உண்டு. நான் படியில் உட்கார்ந்தேன். ஒன்றுவிடாமல் அவளுக்கு ஜெர்மனில் சொன்னேன். போன், பேராசிரியர், கழுத்தளவு, கொக்கி. சொல்லும்போது இலக்கணம் எங்குமே தப்பவில்லை.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு தமிழில்தான் கேட்டாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்து.

“ஸ்மெல் உனக்குப் பிரச்சினை இல்லையே. அப்புறம் ஏன் மூடினே?”

“அவரைப் பாக்க வேணாம்னு” என்றேன்.

நிலா என்னைத் தாண்டிப் படியேறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேலே, அந்த அறையின் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.